சாவி இருந்தும் திறக்காத பெட்டி

மலர்க்குழு நண்பர்கள் என்னிடம் "கல்லூரி நாட்கள்" பற்றி எழுதச் சொன்னார்கள். கேன்டீன் டீ, கடைசி பெஞ்சு, கட் அடித்த சினிமா பற்றியெல்லாம் எழுத என்னைவிடத் தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் காலம் கழித்தவன். எனவே நம் சங்கத்தின் ஒரு பழைய சி.டி. பற்றியும், அதன் வழியாக ஒரு சின்ன சரித்திரத்தையும் சொல்கிறேன். இந்நாள் மாணவத் தம்பி தங்கைகள் பொறுமையாகப் படிக்க வேண்டும். கதையில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

சங்கத்தின் சார்பில் வசதியில்லாத பிள்ளைகளுக்குப் பீஸ் கட்டும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். யார் கொடுத்தார்கள், யார் பெற்றார்கள் என்ற பதிவேட்டை அன்றைய பொருளாளர் (என் வகுப்புத் தோழன்) ஃபாக்ஸ்புரோவில் வைத்திருந்தான். டேனரியில் கூலி வேலை செய்த அப்பாக்களின் பிள்ளைகள் பலர் அதில் இருந்தார்கள். பெயர் வெளியே போனால் பையன் வகுப்பில் தலை நிமிர முடியாது. ஆகவே 2008-இல் அவன் அந்தப் பதிவேட்டை ஒரு வட்டுப் பிம்பத்துக்குள் போட்டு, லினக்ஸில் குறியாக்கம் செய்து, சி.டி.யில் எழுதிக் கொடுத்தான். வட்டுப் பிம்பம் என்றால் வேறொன்றுமில்லை, ஒரு முழு டிஸ்க்கையே ஒரே கோப்பாகச் சுருட்டி வைப்பது. கடவுச்சொல்லை ஒரு கவரில் போட்டு ஒட்டிச் சங்கத்துப் பீரோவில் வைத்தான். இன்று அவன் நம்மோடு இல்லை.

சென்ற ஆண்டு ஒரு பழைய மாணவர் கடிதம் எழுதியிருந்தார். "எனக்கு மூன்று வருஷம் பீஸ் கட்டியது யார் என்று தெரிந்தால், அவர் பெயரில் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்க விரும்புகிறேன்." பதில் அந்த சி.டி.க்குள்தான் இருந்தது.

டெபியன் 13 லைவ் லினக்ஸை ஒரு பென் டிரைவில் போட்டுக் கணினியைக் கிளப்பினோம். லைவ் லினக்ஸ் நினைவகத்திலேயே ஓடும். நாமாகச் சொல்லாதவரை கணினியின் சொந்த டிஸ்க்கைத் தொடாது. சி.டி.யைப் பிரதி எடுத்தோம், கவரைப் பிரித்துக் கடவுச்சொல்லை அடித்தோம். ஒரு எச்சரிக்கை வரி ஓடியது, நாங்கள் படிக்கவில்லை. பூட்டு திறந்த மாதிரியே இருந்தது. ஆனால் உள்ளே கோப்பு முறையே இல்லை, வெறும் குப்பை. "இன்னாபா, பாஸ்வேர்டு கரெக்டா தானே போட்டே?" என்றார் பக்கத்தில் இருந்த சீனியர். பத்துத் தடவை போட்டோம். "சி.டி. பூசணம் பிடிச்சிருக்கும், தூக்கிப் போடு" என்றும் ஒரு தீர்ப்பு வந்தது.

தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை. இனிதான் சரித்திரம்.

2003 டிசம்பரில் லினக்ஸ் கருவின் 2.6 வரிசை வந்தபோது, கோப்பைப் பூட்ட அதில் கிரிப்டோலூப் என்று ஒன்று இருந்தது. அது அவ்வளவு கெட்டியில்லை என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. 2004 மார்ச்சில் 2.6.4 கருவோடு டி.எம்.கிரிப்ட் சேர்ந்தது. கிறிஸ்டோஃப் சாவுட் எழுதியது. அதை இயக்கும் கட்டளைக் கருவிதான் கிரிப்ட்செட்டப். இதில் 'ப்ளெய்ன்' என்றொரு முறை உண்டு. பிம்பத்தின் எந்த மூலையிலும் 'நான் இன்ன முறையில் பூட்டப்பட்டேன்' என்ற குறிப்பே இராது. தலைப்பு கிடையாது, அடையாளம் கிடையாது. ஆகவே தப்பான கடவுச்சொல் கொடுத்தாலும் "தப்பு" என்று சொல்லாது. எதையோ பிரித்துக் குப்பையை நீட்டும். சரியான கடவுச்சொல்லைத் தப்பான முறையோடு கொடுத்தாலும் அதே கதிதான்.

இந்தக் குறையைத் தீர்க்கவே கிளெமென்ஸ் ஃப்ரூவிர்த் லக்ஸ் என்ற அமைப்பை வகுத்தார் (குளிக்கிற சோப்பு அல்ல). எந்தக் குறியாக்கம், எந்த ஹாஷ், எத்தனை சுற்று என்பதெல்லாம் பிம்பத்தின் தலைப்பிலேயே எழுதியிருக்கும். நம்ம பக்கத்து டேனரிகளில் எந்த லாட்டுக்கு எந்த ரெசிபி என்று நோட்டில் எழுதி வைப்பது போல. நோட்டு இல்லாத லாட்டை அடுத்த மேஸ்திரி எப்படித் தொடுவார்? 2008-லேயே லக்ஸ் இருந்தது. என் தோழன் ஏனோ ப்ளெய்னைப் பிடித்தான். அன்று சென்னை சி-டாக்கில் பாஸ் லினக்ஸ் வெளிவந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. நம் பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளும் குறைவு.

ப்ளெய்ன் முறையில் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் கருவி தானாக ஒரு முறையை எடுத்துக்கொள்ளும். அந்த வழக்கம் இரண்டு தடவை மாறியிருக்கிறது. 2010-இல் வந்த 1.1.0 பதிப்பில் ஒரு தடவை. 2024 ஜனவரியில் வந்த 2.7.0 பதிப்பில் மறு தடவை. இதில் குறியாக்க முறை, கடவுச்சொல்லை அரைக்கும் ஹாஷ் இரண்டுமே மாறின. நாங்கள் படிக்காமல் விட்ட எச்சரிக்கை வரி சொன்னதும் இதையேதான்.

விண்டோஸ்காரர்கள் இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். அவர்களில் பலர் நம்பியிருந்தது 2004-இல் வந்த ட்ரூகிரிப்ட். எழுதியவர்கள் யாரென்று உலகுக்குத் தெரியாது. 2008-இல் பிரேசில் போலீசார் ஒரு வங்கியாளரின் டிஸ்க்குகளைப் பிடித்தார்கள். அவர்களாலும் முடியாமல், அமெரிக்க எஃப்.பி.ஐ. ஒரு வருஷம் முட்டிப் பார்த்தும் முடியாமல் 2010-இல் திருப்பி அனுப்பினார்கள். அந்த விசாரணைக்குப் பிரேசில்காரர்கள் வைத்த பெயர் "சத்தியாக்கிரகம்"! அவ்வளவு கெட்டியான ட்ரூகிரிப்ட் 2014 மே 28 அன்று திடீரென்று கடையை மூடியது. அதன் வாரிசு வெராகிரிப்ட் பழைய ட்ரூகிரிப்ட் பெட்டிகளையும் திறந்து வந்தது, ஆனால் 1.25.9 பதிப்போடு அதற்கு முற்றுப்புள்ளி. 2023 அக்டோபரில் வந்த 1.26.7 திறக்காது. பழைய பென் டிரைவோடு தவிப்பவர்களுக்கு ஒரு ஆறுதல்: மிலன் பிரோஷ் முதலானோர் 2013-இல் கிரிப்ட்செட்டப்பில் ட்ரூகிரிப்டைத் திறக்கும் வசதியைச் சேர்த்தார்கள். அது இன்றும் இருக்கிறது.

தலைப்பு இருந்தால் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. லிப்ஜிகிரிப்ட் என்ற நூலகத்தில் வேர்ல்பூல் ஹாஷ் ரொம்ப நாளாகத் தப்பாகவே எழுதப்பட்டிருந்தது. 1.6.0 பதிப்பில் அதைத் திருத்தினார்கள். விளைவு, தப்பான கணக்கில் பூட்டியிருந்த லக்ஸ் பெட்டிகள் சரியான கணக்கில் திறக்க மறுத்தன! பிறகு பழைய தப்பையும் ஒரு மூலையில் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. எதிர்ப்பக்கத் தொல்லையும் உண்டு. 2019 முதல் லக்ஸின் இரண்டாம் வடிவமே வழக்கமாகிவிட்டதால், இன்று பூட்டுகிற பெட்டியைப் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முந்தைய லைவ் சி.டி.க்கு அடையாளமே தெரியாது.

நம்ம பெட்டிக்கு வருவோம். அதே சீனியரின் டிரங்குப் பெட்டியில் உபுண்டு 12.04 சி.டி. ஒன்று கிடந்தது. அதில் திறந்து பார்த்தோம். இப்போதும் கோப்பு முறை ஏறவில்லை. ஆனால் உள்ளே வேறு விதமான குப்பை: ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து வரிவரியாக. உதவிக்கு வந்திருந்த இரண்டாமாண்டு மாணவி எட்டிப் பார்த்து, "சார், இது குப்பை இல்ல சார், பாமினி" என்றார். அவர் வீட்டில் டி.டி.பி. கடை. பாமினி எழுத்துருவில் "தமிழ்" என்று அடித்தால், வட்டில் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்றுதான் கிடக்கும். தமிழக அரசு யுனிகோடை ஏற்றது 2010 ஜூனில்; இந்தப் பதிவேடு அதற்கு இரண்டு வருஷம் மூத்தது. எங்களில் யாருக்கும் அது உறைக்கவில்லை. பெட்டிக்குள் இன்னொரு பூட்டு இருந்திருக்கிறது, அதற்குச் சாவி அந்தப் பெண்ணின் கண்ணில்.

தமிழ் தெரிகிறது என்றால் கடவுச்சொல்லும் சரி, ஹாஷும் சரி. பின்னே என்ன குறை? கூர்ந்து பார்த்தபோது ஒவ்வொரு 512 பைட்டிலும் முதல் 16 மட்டும் கலைந்திருந்தது. அங்கேதான் எனக்குப் பிடிபட்டது. இந்தக் குறியாக்கம் வட்டை 512 பைட்டுத் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடக்க எண் கொடுத்துப் பூட்டுகிறது. பழைய முறையில் அந்தத் துண்டின் வரிசை எண்ணே தொடக்க எண். யாரும் ஊகித்துவிடலாம் என்பதால் 2010-இல் அதை மறைவான எண்ணாக மாற்றினார்கள். தொடக்க எண் தப்பினால் முதல் 16 பைட்டு மட்டும் கெடும், மற்றது பிழைக்கும். அப்படியானால் பெட்டி 2010-க்கு முந்தைய முறையில் பூட்டியது!

டெபியனுக்கே திரும்பி, குறியாக்கம் 'ஏ.இ.எஸ். - சி.பி.சி. - ப்ளெய்ன்', ஹாஷ் 'ரைப்எம்டி 160', சாவி நீளம் 256 என்று மூன்றையும் வாயால் சொல்லிச் சொல்லி அடித்தோம். படிக்க மட்டும் என்ற நிபந்தனையோடு ஏற்றினோம். திறந்தது. ஃபாக்ஸ்புரோ கோப்பை லிப்ரே ஆபீஸ் முனகாமல் காட்டியது. சி.டி.யில் பூசணமும் இல்லை ஒன்றும் இல்லை.

கடிதம் எழுதியவரின் வரிசையில், கொடுத்தவர் கட்டத்தில் மூன்று பெயர்கள் இருந்தன. இருவர் இன்றும் வருஷா வருஷம் சந்திப்புக்கு வருகிறவர்கள். நீங்கள் அவர்களோடு பந்தியில் உட்கார்ந்திருப்பீர்கள். மூன்றாவது பெயர் பொருளாளருடையது. மூவரில் இருவரிடம் கேட்டுச் சம்மதம் பெற்று, மூன்றாமவர் வீட்டாரிடமும் கேட்டு, அவருக்குத் தனியாகப் போனில் சொன்னேன். வெகு நேரம் அந்தப் பக்கம் பேச்சே இல்லை. பெற்றவர்கள் பெயர் எதையும் இந்த மலரில் தேடாதீர்கள், இராது.

பதிவேட்டை யுனிகோடுக்கு மாற்றும் வேலையை அந்த மாணவியே செய்து கொடுத்தார், நாங்கள் பெயர்களை மறைத்த பிரதியில். மூலத்தை லக்ஸின் இரண்டாம் வடிவத்தில் மறுபடி பூட்டியிருக்கிறோம். பீரோவில் இப்போது கவரோடு ஒரு முழுத்தாளும் இருக்கிறது: எந்தக் கருவி, எந்தப் பதிப்பு, எந்த முறை, என்றைக்குப் பூட்டியது, உள்ளே எந்த எழுத்துரு என்று பேனாவால் எழுதியது. பீரோ சாவி இப்போதைய செயலாளரிடம்.