மூச்சை அளந்த வரலாறு



நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில் நிகழ்ந்த ஒன்றைக் கூறி இப்பேச்சைத் தொடங்குகிறேன். கோடை விடுமுறை நாட்களில் எங்கள் ஊர்ப் பெரிய கிணற்றில் சிறுவர்கள் முங்கிப் பந்தயம் நடத்துவது வழக்கம். நெடுநேரம் நீருக்குள் இருப்பவனே வென்றவன். ஒரு நாள் என் மாணவன் ஒருவன், படிக்கட்டில் நின்று கொல்லன் துருத்தியைப் போல வேகவேகமாக முப்பது நாற்பது முறை மூச்சை இழுத்து விட்டான். பிறகு நீரில் மூழ்கினான். மற்றவர்கள் மூச்சு முட்டி மேலே வந்தனர், அவன் வரவில்லை. பெரியவர் இருவர் குதித்து, நினைவிழந்து கிடந்த அவனைக் கரை சேர்த்தனர். நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டான்.

மறுநாள் அவன் என்னைக் கேட்டான்: “ஐயா, காற்றை நிறையச் சேர்த்துக்கொண்டுதானே மூழ்கினேன்? பிறகு ஏன் மயங்கினேன்?” அன்று எனக்கு விடை தெரியவில்லை. பின்னர் தேடிப் படித்தபோது, அந்த விடையைக் காண மனித குலத்துக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஆயின என்று அறிந்தேன். அந்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

மூச்சு எதற்காக? உடலின் சூட்டைத் தணிப்பதற்காக என்று பண்டைய ஐரோப்பியர் பலர் எண்ணினர். சுவாசப்பையின் அசைவே உயிரைக் காக்கிறது என்போரும் இருந்தனர். 1667ஆம் ஆண்டில் லண்டன் ராயல் சங்கத்தில் ராபர்ட் ஹூக் ஒரு சோதனை செய்து காட்டினார். ஒரு நாயின் சுவாசப்பை அசையாமல் விரிந்தே நிற்குமாறு, துருத்திகளைக் கொண்டு இடைவிடாமல் காற்றைச் செலுத்தினார். அசைவு நின்றும் நாய் உயிரோடிருந்தது. உயிருக்கு வேண்டுவது அசைவன்று, புதிய காற்றே என்பது விளங்கிற்று. அக்காற்றில் உள்ள பிராணவாயு உடலில் செலவாகிக் கரியமிலவாயு வெளிவருகிறது என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சு அறிஞர் லவாசியர் நிலைநாட்டினார்.

அடுத்து எழுந்த கேள்வி, ஒருவனது சுவாசப்பை எவ்வளவு காற்றைக் கொள்ளும் என்பது. ஜான் ஹட்சின்சன் என்னும் ஆங்கில மருத்துவர், நீரில் கவிழ்த்த பாத்திரம் ஒன்றைக் கப்பியும் எடைக்கல்லும் கட்டித் தொங்கவிட்டு, அதனுள் ஊதச் செய்து, மூச்சை அளந்தார். மாலுமிகள், காவலர், தீயணைப்போர், ஏழைகள், செல்வர் என இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை அளந்து, 1846இல் தம் முடிவுகளை வெளியிட்டார். முழுதும் இழுத்து முழுதும் விடும் காற்றின் அளவுக்கு ‘உயிர்க் கொள்ளளவு’ என்று பொருள்படும் பெயரிட்டவர் அவரே. அவ்வளவு ஆளின் உயரத்தைப் பொறுத்து ஏறுகிறது என்றும் அவர் கண்டார். ஏழடியை எட்டும் உயரம் படைத்த அமெரிக்கர் ஒருவரை 1842இல் அளந்தார். இரண்டாண்டு கழித்து அளந்தபோது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அம்மனிதர் பின்னர் சயரோகத்தால் மாண்டார். நோய் வெளிப்படுமுன்னரே மூச்சின் அளவு அதைக் காட்டிக்கொடுக்கக் கூடும் என்பதை உலகம் உணர்ந்தது.

எவ்வளவு என்பதோடு எவ்வளவு விரைவில் என்பதும் முக்கியம் அல்லவா? 1947இல் பிரான்சு நாட்டின் திஃப்னோவும் பினெல்லியும், ஒருவர் முழுமூச்சையும் வலிந்து வெளிவிடும்போது முதல் நொடியில் எவ்வளவு காற்று வெளிவருகிறது என்று அளக்கும் முறையை வகுத்தனர். நலமான இளைஞர் தம் கொள்ளளவில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை அந்த ஒரு நொடியிலேயே வெளிவிட்டுவிடுவர். இன்றும் ஆஸ்துமா போன்ற நோய்களைக் கணிக்க மருத்துவர் நாடுவது இவ்வளவையே.

இனி, வேக மூச்சுக்கு வருவோம். நம் நாட்டு யோக நூல்களுக்கு இது புதிதன்று. பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹடயோகப் பிரதீபிகை கபாலபாதி, பஸ்திரிகை என்னும் பயிற்சிகளைக் கூறுகிறது. பஸ்திரிகை என்றாலே துருத்தி என்றுதான் பொருள். இத்தகைய பயிற்சிகளைக் கருவி கொண்டு ஆராய, 1924இல் லோனாவ்லாவில் கைவல்யதாம ஆசிரமத்தை நிறுவியவர் சுவாமி குவலயானந்தர். பிராணாயாமத்தின் சிறப்பு, பிராணவாயுவை மிகுதியாகச் சேர்ப்பதில் இல்லை என்பதை அவர் தயங்காமல் எடுத்துரைத்தார். தாம் போற்றிய கலையையே தராசில் நிறுத்த அஞ்சாத அந்த நேர்மை உங்களுக்கு நினைவிருக்கட்டும்.

அவர் கூற்றின் காரணம் எளிது. நலமாக உள்ளவரின் இரத்தம், சாதாரண மூச்சிலேயே தான் ஏற்கக்கூடிய பிராணவாயுவில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் ஏற்றுவிடுகிறது. நிறைந்த குடத்தில் மேலும் நீர் வார்ப்பதால் என்ன பயன்? வேக மூச்சால் மாறுவது கரியமிலவாயுவே; அது மளமளவென்று வெளியேறுகிறது. அது குறைந்தால் மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்கும், தலை சுற்றும், விரல்கள் மரமரக்கும்.

மூச்சு விடவேண்டும் என்ற உந்துதலை எழுப்புவது பெரும்பாலும் பிராணவாயுவின் குறைவன்று, கரியமிலவாயுவின் மிகுதியே என்று 1905இல் ஹால்டேன், பிரீஸ்ட்லி என்னும் இருவர் மெய்ப்பித்தனர். 1909இல் டக்ளஸும் ஹால்டேனும், இரண்டு நிமிடம் வலிந்து மூச்சுவிட்டபின் சிறிது நேரம் மூச்சு விடும் எண்ணமே எழாமல் நிற்பதைத் தம் மீதே சோதித்துக் கண்டனர்.

என் மாணவனின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. அவன் காற்றைச் சேர்க்கவில்லை, காவற்காரனைத் துரத்திவிட்டான். “மேலே போ” என்று எச்சரிக்கும் கரியமிலவாயு குறைந்திருந்ததால், பிராணவாயு தீர்ந்தது தெரியாமலே அவன் மயங்கினான். நீச்சல் வீரர்கள் பலர் இவ்வாறே நினைவிழந்ததை அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் கிரெய்க் 1961இல் விளக்கி எழுதினார்.

அப்படியானால் வேக மூச்சுப் பயிற்சி வீணா? அன்று. முறையாகப் பல வாரம் பயின்றால் மூச்சுத் தசைகள் வலுப்பெறும்; காற்றை வலிந்து வெளிவிடும் ஆற்றல் ஓரளவு கூடவும் செய்யலாம். ஆனால் சுவாசப்பையின் கொள்ளளவைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை உயரமும் வயதும் பாலினமுமே. ஆகவே பயில விரும்புவோர், தேர்ந்த ஆசிரியரிடம், தரையில் அமர்ந்து, அளவோடு பயிலுங்கள். தலை சுற்றினால் உடனே நிறுத்துங்கள். நீரில் இறங்குமுன் ஒருபோதும் செய்யாதீர்கள்.

அந்த மாணவனுக்கு அன்று சொல்ல இயலாத விடையை, இன்று உங்கள் அனைவருக்கும் சொல்லிவிட்டேன். கிணற்றங்கரையில் நிற்கும் உங்கள் தோழர்களுக்கும் தம்பிமார்களுக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.