காசு வாங்காத ஆட்டக்காரர்



'அமெச்சூர்' என்றால் இன்று அரைகுறை என்று பொருள் கொள்கிறோம். நூறு ஆண்டுகளுக்கு முன் அது பெருமையான சொல். காசுக்காக அல்ல, விருப்பத்துக்காக ஆடுபவர் என்று அர்த்தம். அந்தச் சொல்லுக்கு உதாரணமாக அமெரிக்கர்கள் காட்டியவர் ஐஸ் ஹாக்கி வீரர் ஹோபி பேக்கர்.

1892-ல் பென்சில்வேனியாவில் பிறந்தார். செயின்ட் பால்ஸ் என்ற உறைவிடப் பள்ளியில் படித்தபோது, இரவில் உறைந்த குளத்தில் தனியே இறங்கிச் சறுக்குவாராம். இருட்டில் பழகினால், பக் எனப்படும் அந்த ரப்பர் வட்டைப் பார்க்காமலே மட்டையால் ஓட்டிச் செல்லலாம் அல்லவா! யாரும் சொல்லிக் கொடுத்து வரும் பழக்கமல்ல இது.

1907-ல் அமெரிக்காவில் வந்த பண நெருக்கடியில் அப்பாவுக்குப் பெரும் நஷ்டம். இரண்டு பிள்ளைகளில் ஒருவரைத்தான் கல்லூரிக்கு அனுப்ப முடியும் என்ற நிலை. தம்பியே போகட்டும் என்று விட்டுக்கொடுத்தார் அண்ணன் தார்ன்டன். வரலாறு அவரைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. எனக்கு என்னவோ அவர்தான் மனதில் நிற்கிறார்.

1910-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார் ஹோபி. அப்போது அணிக்கு ஏழு பேர். பக்கை முன்னோக்கித் தட்டிக் கொடுக்கக் கூடாது. தானே கொண்டுபோக வேண்டும். களம் முழுக்கச் சுற்றும் 'ரோவர்' இடம் இவருடையது. வேகம் உள்ளவருக்கு வேறென்ன வேண்டும்? முரட்டு ஆட்டம்தான்; ஆனாலும் கல்லூரிக் காலம் முழுவதும் தவறாட்டத்துக்காக இவர் தண்டிக்கப்பட்டது ஒரே ஒரு முறை என்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் எதிரணியின் அறைக்கே போய்க் கைகுலுக்குவார்.

1914-ல் படிப்பு முடிந்ததும் நியூயார்க்கில் ஜே.பி. மார்கன் வங்கியில் வேலை. மாலையில் செயின்ட் நிக்கோலஸ் அணிக்கு ஆட்டம். மூன்று பருவத்துக்கு 20,000 டாலர் தருகிறோம் என்று மான்ட்ரியல் தொழில்முறை அணி அழைத்தது. மறுத்துவிட்டார். கண்ணியமான குடும்பத்துப் பிள்ளை காசுக்கு விளையாடுவது இழுக்கு என்று கருதிய காலம், வர்க்கம் அது. இது வசதியுள்ளவர்கள் வகுத்த விதி என்பது என் எண்ணம். தினக்கூலிக்காரர் மகனுக்கு அது கட்டுப்படியாகாது. ஆனால் அண்ணன் படிப்பைக் கைவிட்ட வீட்டுப் பிள்ளை அந்த விதியைக் கடைசிவரை காப்பாற்றினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வங்கி வேலையில் மனம் ஒட்டவில்லை. விமானம் ஓட்டக் கற்றார். முதல் உலகப்போரில் பிரான்சு சென்று, ஒரு விமானப் படைப்பிரிவுக்கே தலைவரானார். அவருடைய விமானத்துக்குப் பிரின்ஸ்டனின் ஆரஞ்சும் கறுப்பும் பூசியிருந்தார்கள்.

1918 நவம்பரில் போர் முடிந்தது. டிசம்பர் 21, தூல் என்ற ஊர், மழை. ஊர் திரும்பும் உத்தரவு கையில் வந்தாயிற்று. கடைசியாக ஒரு முறை பறக்கிறேன் என்று கிளம்பினார். அப்போதுதான் பழுது பார்த்து வந்திருந்த விமானம் ஒன்றைச் சோதிக்க வேண்டியிருந்தது. நண்பர்கள் தடுத்தும் அதில் ஏறினார். மேலே போனதும் என்ஜின் நின்றது. விமானம் மூக்குக் குத்தி விழுந்தது. 27 வயது நிறைய இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. ஊர் திரும்பும் அந்த உத்தரவு சட்டைப்பையிலேயே இருந்தது.