நீர்க்கரையும் பேறுகாலத் துணையும்: பழவேற்காட்டுக் குப்பங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

தமிழகத்தின் வடகிழக்கு எல்லையில், கடலுக்கும் காயலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணற்றிட்டின்மேல் அமைந்த மீனவர் ஊர்களுள் ஒன்று லைட்ஹவுஸ் குப்பம். திருவள்ளூர் மாவட்டத்துப் பொன்னேரி வட்டத்தைச் சார்ந்த இவ்வூர், தன் பெயரை அங்குள்ள கலங்கரை விளக்கத்தினின்று பெற்றது. கூனங்குப்பம், அரங்கங்குப்பம் முதலாய பிற குப்பங்களும் இதன் அயலில் உள்ளன. எதிர்க்கரையில் இருப்பது பழவேற்காடு. 1613-இல் டச்சுக்காரர் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பி, துணி வாணிகத்தால் செழித்த பழம் பட்டினம்.

அப்பட்டினத்தின் வாணிக வரலாற்றை அறிஞர் பலர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். கோட்டையின் கணக்கில் மூட்டைகள் எண்ணப்பட்டன, கலங்கள் எண்ணப்பட்டன. ஆயின், அக்கோட்டையின் எதிர்க்கரையில் பிள்ளை பெற்ற பெண்டிர்க்குத் துணை நின்றோர் யாவர், இடர் வந்தபோது அவர்கள் யாது செய்தனர் என்னும் வினாக்கள் வரலாற்றாசிரியரின் கருத்தைப் பெரிதும் ஈர்த்தில. அவ்வினாக்களை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பேறுகாலத்தில் தாயையும் சேயையும் காப்பது மருத்துவ அறிவு மட்டுமன்று. அவ்வறிவு உரிய பொழுதில் அவர்களிடம் வந்து சேர்தலும் ஆம் என்பது எம் துணிபு. ஆகவே பேறுகால மருத்துவத்தின் வரலாறு ஒருவகையில் தொலைவினைக் கடந்த வரலாறே எனலாம். நீரால் ஆய தொலைவு, குலத்தாலும் மறைப்பாலும் ஆய தொலைவு, மொழியால் ஆய தொலைவு என அதனை மூவகையாகப் பகுத்துக் காண்போம்.

சொற்கள் தரும் சான்று

ஈன்ற அணிமையைக் குறிக்கப் பண்டைத் தமிழில் ‘புனிறு’ என்றொரு தனிச்சொல் இருந்தது. தொல்காப்பியர் உரியியலில் அதற்குப் பொருள் வகுத்துள்ளார். மகவு பிறந்த மனையின் தோற்றத்தை நற்றிணையின் 40-ஆம் பாடல் காட்டுகின்றது. காவலுடைய மனையில் மணி ஒலிக்கின்றது. மகளிர் நற்சொல் கேட்டு நிற்கின்றனர். புதல்வன் செவிலியோடு உறங்குகின்றான். நெய்யாடி, ஐயவி என்னும் வெண்சிறுகடுகு அணிந்த தாய் கண்ணயர்கின்றாள். தாயும் சேயும் தனித்து விடப்படாமை இங்குக் கருதத்தக்கது.

‘மருத்துவன்’ என்பது சங்க காலத்தே மதிப்புடன் வழங்கிய தொழிற்பெயர் என்பதற்கு, மருத்துவன் தாமோதரனார் என்னும் புலவர் பெயரே சான்றாகும். ‘மருத்துவம்’ என்னும் சொல்லுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி வைத்தியம் என்னும் பொருளோடு பிள்ளைப்பேறு பார்த்தல் என்னும் பொருளையும் தருகின்றது. பொதுமக்கள் வழக்கிலோ ‘மருத்துவச்சி’ என்றால் பேறு பார்ப்பவளே. மருத்துவம் எனும் பெருந்துறை முழுவதும் ஒரு காலத்தில் அவள் கையிலேயே மக்களால் காணப்பட்டது போலும்.

எனினும் காலப்போக்கில் இச்சொற்களின் நிலை வேறுபட்டது. மருத்துவர் என்பது பட்டம் பெற்றோர்க்கு உரிய உயர்சொல் ஆயிற்று. செவிலி என்னும் சங்கச் சொல் பயிற்சி பெற்ற தாதியர்க்கு உரியதாகிப் புத்துயிர் பெற்றது. மருத்துவச்சி என்னும் சொல் மட்டும் மதிப்பிழந்து நின்றது. அதன் காரணத்தை அடுத்து ஆராய்வாம்.

தொட்ட கையும் தீண்டாமையும்

பேற்றினை ஒட்டிய நாட்களை ‘வாலாமை’ என வழங்கினர். தூய்மையற்ற காலம் என்பது அதன் கருத்து. குருதியும் நஞ்சுக்கொடியும் தொட வேண்டிய பணி தாழ்ந்தது எனக் கருதப்பட்டமையின், அதனைச் செய்வோரும் தாழ்ந்தோராக எண்ணப்பட்டனர். நாவிதர் குலப் பெண்டிர் பேறு பார்க்கும் தொழிலை மேற்கொண்டிருந்தமையை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளில் குறித்துள்ளார். பதினோராம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையில் மருத்துவர், அறுவை செய்வோர், பணிப்பெண்டிர் ஆகியோரோடு நாவிதரையும் சேர்த்துக் கூறுகின்றது. ஒரே நிலையத்தில் உடன் பணியாற்றிய இவர்களுள் ஒருசாரார் உயர்ந்தும் ஒருசாரார் தாழ்ந்தும் போயினமை, அறிவின் ஏற்றத்தாழ்வால் மட்டும் நிகழ்ந்தது அன்று.

மருத்துவச்சியின் கையில் இருந்த அனுபவ அறிவு பெரிது. ஆயின் கண்ணுக்குப் புலனாகா நோய்க்கிருமியை அவள் அறியாள். கொப்பூழ்க் கொடியைத் தூய்மையற்ற கருவியால் அறுத்தமையால் குழவிகள் வில்வாத நோயால் மாண்டன. இக்குறையினை மறைத்தல் ஆய்வாளர்க்கு அழகன்று. அதே வேளையில், இக்குறை அவளுக்கு மட்டும் உரியதும் அன்று. 1847-இல் வியன்னா நகரத்துப் பொது மருத்துவமனையில் செம்மல்வைசு என்னும் மருத்துவர் கண்ட உண்மையை ஈண்டு நினைத்தல் வேண்டும். மருத்துவரும் மாணவரும் பேறு பார்த்த பிரிவில், மருத்துவச்சியர் பயின்ற பிரிவினும் மிகுதியாகத் தாய்மார் இறந்தனர். பிணங்களை அறுத்து ஆய்ந்த கையோடு மருத்துவர் பேறு பார்க்க வந்தமையே காரணம் என அவர் உணர்ந்து, குளோரின் கலந்த நீரால் கைகழுவச் செய்தார். இறப்பு பெரிதும் குறைந்தது. கற்ற கையாயினும் கல்லாத கையாயினும் கழுவப்படாத கை கொல்லும் என்பது அதனால் விளங்கிற்று.

மருத்துவமனையின் தோற்றமும் மறைப்பும்

சென்னையில் அரசு மகப்பேற்று மருத்துவமனை 1844-இல் தோன்றியது. 1882-இல் எழும்பூரில் இப்போதுள்ள இடத்திற்கு வந்தது. மருத்துவச்சியரைப் பயிற்றும் பள்ளிக்கு 1854-இல் அரசு இசைவு அளித்தது. ஆயினும் உயர்குலம் எனப்பட்டோரும், ‘கோஷா’ எனும் மறைப்பு முறையைப் போற்றியோரும் ஆண் மருத்துவர் உள்ள இடத்திற்குத் தம் மகளிரை விடுத்திலர். மருத்துவமனை அண்மையில் இருந்தும் அவர்க்குச் சேய்மையில் இருந்தது.

இத்தொலைவைக் கடக்க முற்பட்டவருள் மேரி ஷார்லிப் குறிப்பிடத்தக்கவர். கணவரோடு சென்னையில் வாழ்ந்த இவ்வாங்கில மாது, இங்குள்ள பெண்டிர் பேறுகாலத்தில் உறும் துன்பத்தைக் கேட்டறிந்து, 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதற் பெண்டிர் நால்வருள் ஒருவரானார். அவர் முயற்சியால் 1885-இல் தோன்றிய விக்டோரியா கோஷா மருத்துவமனையே இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையாக விளங்குகின்றது. பெண் மருத்துவர் பெண்ணைக் காண வரவே, மறைப்புச் சுவர் இடிக்கப்படாமலே அதில் ஒரு வாயில் திறந்தது.

மொழிவழி முயற்சிகள்

மொழியால் ஆய தொலைவினைக் கடக்கவும் சிலர் முயன்றனர். சென்னை அரசில் உயர் மருத்துவப் பதவி வகித்த எட்வர்டு பால்பர், கான்குவெஸ்டு என்பாரின் மகப்பேற்று நூலை இந்துஸ்தானியில் தாமே பெயர்த்ததோடு, தமிழ், தெலுங்கு, கன்னடப் பெயர்ப்புகளைத் தம் செலவிலேயே அச்சிடுவித்தார். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவப் பணியாற்றிய அமெரிக்கரான சாமுவேல் பிஸ்க் கிறீன், மான்செல் என்பாரின் மகப்பேற்று நூலைத் தமிழாக்கி 1857-இல் வெளியிட்டார். மேலை மருத்துவத்தை மாணவர்க்குத் தமிழிலேயே கற்பித்த பெருமையும் அவருக்கு உண்டு.

தமிழில் மருத்துவம் கற்பிக்க இயலுமா என்னும் வினா பின்னாளில் பலமுறை எழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியிலேயே, அதுவும் மகப்பேற்றுத் துறையிலேயே, அதற்கு விடை கிடைத்துவிட்டது. பேறு பார்ப்பவள் பேசும் மொழியில் நூல் அமைந்தாலன்றி அறிவு அவள் கைக்குச் சேராது என்பதை அப்பெரியோர் உணர்ந்திருந்தனர்.

சட்டமும் சுகாதார நிலையமும்

1926-இல் சென்னை மாகாணச் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் இயற்றப்பட்டது. பயிற்சி பெற்றோர் பதிவேட்டில் இடம் பெற்றனர்; பரம்பரை மருத்துவச்சியர் அதற்குப் புறத்தே நின்றனர். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக 1942 முதல் 1969 வரை விளங்கிய டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் மகப்பேற்று மருத்துவத்தில் வல்லுநராய் எழும்பூர் மருத்துவமனைக்குத் தலைமை தாங்கியவர் என்பதும், அவர்தம் மகப்பேற்று நூல் 1938-இல் தோன்றி மாணவர் பல தலைமுறையினர்க்குப் பாடமாயிற்று என்பதும் பலரும் அறிந்தவை.

ஆனால் நகரத்து அறிவு நாட்டுப்புறத்தை எட்டவில்லை. 1946-இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, இந்தியாவில் உயிரோடு பிறக்கும் 1,000 மகவுக்கு ஏறத்தாழ 20 தாய்மார் இறப்பதாக மதிப்பிட்டது. அதாவது 1,00,000-க்கு 2,000. 2018-20 ஆண்டுகட்கான மாதிரிப் பதிவுக் கணக்கின்படி இந்தியாவில் இத்தொகை 97, தமிழ்நாட்டில் 54. தமிழ்நாட்டில் 1,000 குழவிகளுள் ஓராண்டு நிறையுமுன் இறப்போர் 2020-இல் 13 பேர். கணக்கிடும் முறைகள் வேறுபடினும் வளர்ச்சியின் பெருமை ஐயத்திற்கு இடமற்றது.

இவ்வளர்ச்சி ஒரே காரணத்தால் விளைந்ததன்று. ஊர்தோறும் சென்ற கிராம சுகாதாரச் செவிலியர், மூன்று செவிலியர் முறைமாறி இரவும் பகலும் பணிபுரியும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், 1987-இல் தொடங்கிய பேறுகால உதவித் திட்டம், 2008-இல் தமிழ்நாட்டிற்கு வந்த 108 ஊர்தி ஆகியன ஒன்றற்கொன்று துணையாயின. தாய் ஒருத்தி இறப்பின் அதன் காரணத்தை ஆராயும் முறையும் 1990-களில் இங்கு வேரூன்றியது. ‘விதி’ என்று விடப்பட்டதொன்று, விடை கூறவேண்டிய நிகழ்ச்சியாக மாறியமை நம் சமூக வரலாற்றில் பெரிய திருப்பம் எனலாம்.

வெள்ளம் தடுத்த தாய்

இனி நீரால் ஆய தொலைவினைக் காண்போம். திருச்சிராப்பள்ளித் தலபுராண மரபில் இரத்தினாவதி என்னும் வணிகர் குலப் பெண்ணின் கதை உண்டு. பேறுகாலம் நெருங்க, அவளுக்குத் துணையாகப் புறப்பட்ட தாய் காவிரி வெள்ளத்தால் அக்கரையில் தடைப்பட்டாள். சிவபெருமானே தாயின் வடிவில் வந்து பேறு பார்த்து, தாயுமானவர் எனப் பெயர் பெற்றார். இக்கதையின் சமயப் பொருள் ஒருபுறம் நிற்க, அதனுள் பொதிந்த வாழ்வியல் உண்மை நம் ஆய்வுக்கு உரியது. வெள்ளம் வடிந்தபின் வரும் துணையால் பயனில்லை, பேறு காத்திராது. இறைவனே வந்தாலன்றித் தீராத இடராக அது மக்கள் நெஞ்சில் பதிந்திருந்தது.

பழவேற்காட்டுக் குப்பங்களின் நிலையும் இத்தகையதே. பாலம் அமையுமுன், எதிர்க்கரைக்குச் செல்லத் தோணியே வழி. ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது காயலைக் கடத்தல் எளிதன்று. காயலின் வடபால் ஆந்திர எல்லையில் உள்ள இருக்கம் தீவும் நெடுங்காலம் படகினையே நம்பியிருந்தது. பேற்றின்பின் உண்டாகும் பெருங்குருதிப்போக்கு, தடுக்கப்படாவிடின் இரண்டு மணி நேர அளவிலேயே உயிரைக் கவரக்கூடியது என்பர் மருத்துவர். தோணி தேடவும், துடுப்பு வலிக்கவும், அக்கரையில் வண்டி பிடிக்கவும் அவ்விரண்டு மணி நேரம் போதுமா?

1994-இல் தாடியசு, மெயின் என்னும் ஆய்வாளர் இருவர் தாய்மார் இறப்பிற்கு மூன்று காலத்தாழ்வுகளைக் காரணமாகக் காட்டினர்: செல்வதென்று முடிவு செய்வதில் தாழ்வு, சென்று சேர்வதில் தாழ்வு, சேர்ந்தபின் மருத்துவம் பெறுவதில் தாழ்வு. இன்று லைட்ஹவுஸ் குப்பத்தைப் பழவேற்காட்டோடு பாலம் இணைக்கின்றது. பழவேற்காட்டில் ஆரம்ப சுகாதார நிலையமும் பொன்னேரியில் அரசு மருத்துவமனையும் உள்ளன. இரண்டாம் தாழ்வு பெரிதும் குறைந்துள்ளது. ஆனால் பாலம் ஏனைய இரண்டையும் போக்காது. கணவன் கடல்மேல் சென்றிருக்க, கையில் பொருளின்றி, மீன்கூடை சுமந்து விற்கும் பெண் தன் உடலின் குறிகளைப் பொருட்படுத்தாது பொழுதைக் கடத்துவாளாயின், அதுவும் தொலைவே.

முடிவுரை

2019-21 ஆண்டுகளின் தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பேறுகள் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. அவற்றோடு சேர்த்துக் காணவேண்டிய மற்றோர் எண்ணும் அவ்வாய்வில் உண்டு: நூற்றுக்கு 44.9 பேறுகள் அறுவையால் நிகழ்ந்தன. அறுவை பல உயிர்களைக் காத்தது, அதில் ஐயமில்லை. ஆயினும் இயல்பான பேற்றிற்குப் பொறுமையோடு உடனிருக்கும் கலை அருகி வருகின்றதோ என வினவ இவ்வெண் நம்மைத் தூண்டுகின்றது. 2018-இல் இந்திய அரசு மகப்பேற்றுச் செவிலியர்க்கெனத் தனி நெறிமுறைகளை வெளியிட்டமை, அக்கலையின் தேவை மீண்டும் உணரப்பட்டதற்கு அறிகுறியாகும்.

மருத்துவத்தின் நான்கு கூறுகளை வகுத்த திருவள்ளுவர், நோயுற்றவர், மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு, உடனிருந்து பேணுபவரையும் ஒப்ப எண்ணினார். நம் மருத்துவச்சி அந்நான்காம் இடத்தில் நின்றவள். பல ஊர்களில் இரண்டாம் இடத்தையும் அவளே நிரப்பினாள். அவள் அறியாதன சில; அவற்றை அவளுக்குக் கற்பிக்காது விட்டோர் பலர். பழவேற்காட்டுக் குப்பங்கள் போன்ற ஊர்களில் பேறு பார்த்த மூதாட்டியர் இன்னும் சிலர் எஞ்சியிருத்தல் கூடும். அவர்தம் சொல்வழக்கையும் கைம்முறையையும் நினைவுகளையும் தமிழாய்வாளர் காலம் தாழ்த்தாது தொகுத்தல் வேண்டும். கோட்டையின் வரலாறு ஏடுகளில் நிலைபெற்றுவிட்டது. குப்பத்து மருத்துவச்சியின் வரலாறோ அவர்கள் நாவில் மட்டுமே உள்ளது.