சென்னை டிராமும் நம் ஜில்லா மோட்டாரும்

சென்னை மாநகரில் பொதுஜனப் போக்குவரத்து வளர்ந்த வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வண்டியைப் பற்றியே எழுதுவர்; அதில் ஏறினவர் யார், ஏறவொட்டாது தடுக்கப்பட்டவர் யார் என்று ஆராய்வார் அரியர். நம் சங்கத்தார்க்கு வேண்டுவது பின்னதே.

1856-ஆம் வருஷம் ஜூலை மாதம் 1-ஆம் தேதி இராயபுரத்தினின்றும் வாலாஜா ரோடுக்கு முதல் இரயில் புறப்பட்டது. 1895-ஆம் வருஷம் மே மாதம் 7-ஆம் தேதி மின்சார டிராம் ஓடலாயிற்று; பாரத தேசத்தில் அதுவே முதலாவது. ஆதியில் மின்கம்பியைத் தண்டவாளத்தினிடையே பூமிக்குள் புதைத்திருந்தனர். சென்னையின் ஐப்பசி மழை அதற்கு இடங்கொடுக்கவில்லை. பின்னர்க் கம்பி தலைக்குமேல் ஏறிற்று. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார இரயில் வந்தபின், மாம்பலத்திலும் பல்லாவரத்திலும் குடியிருந்துகொண்டு கோட்டைப்பக்கம் உத்தியோகம் பார்ப்பது எளிதாயிற்று. டிராம் 1953-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் நின்றுபோயிற்று.

இரயில் வண்டியின் வகுப்புகள் பணத்தை அளவாகக் கொண்டனவேயன்றிச் சாதியை அன்று. மூன்றாம் வகுப்புப் பலகையில் டிக்கட்டு வாங்கினவர் யாவரும் நெருங்கியே உட்கார வேண்டியதாயிற்று. எனினும் ஸ்டேஷனில் இறங்கியவுடன் சாதி எதிர்ப்பட்டது: சிற்றுண்டிச்சாலையில் பிராமணர்க்கு ஓரிடம், இதரர்க்கு வேறிடம். பெரியார் ஈ. வெ. ரா. முதலியோரின் கிளர்ச்சியால் 1941-இல்தான் அவ்வேறுபாடு ஒழிந்தது.

நம் பக்கத்து மோட்டார் பஸ்ஸோ வேறு விதம். இரயில்வே கம்பெனி தூரத்திலிருந்தது. கூட்டமே அதற்கு வருமானம். பஸ் முதலாளியோ உள்ளூரார். ஊர்ப் பெரிய மனிதரின் முகத்தைப் பார்த்தே வண்டி விட்டார். ஆதிதிராவிடரை ஏற்றினால் மற்றவர் ஏறமாட்டார் என்று அஞ்சி, கையில் காசு வைத்திருந்தவரையும் சாலையிலேயே நிறுத்திச் சென்றனர். காசுக்கும் தீட்டுண்டோ என்று கேட்பாரில்லை!

சேத்தூரை உள்ளிட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்த் தாலுகா, 1910-இல் புதிதாய் ஏற்பட்ட இராமநாதபுரம் ஜில்லாவில் சேர்க்கப்பட்டிருந்தது. அந்த ஜில்லா போர்டுக்கு 1920-களின் இறுதியில் தலைவராக வந்தவர் பட்டிவீரன்பட்டி ஸ்ரீமான் ஊ. பு. அ. சௌந்தரபாண்டியன் அவர்கள், 1929-இல் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மகாநாட்டுக்கு அக்கிராசனம் வகித்தவரும் அவரே. ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பஸ்ஸின் லைசென்ஸ் ரத்தாகும் என்று அவர் உத்தரவிட்டார். அவர் உபதேசம் செய்து காலங்கழிக்கவில்லை. முதலாளியின் மடியில் கைவைத்தார். லைசென்ஸ் போனால் வண்டி கொட்டகையில் துருப்பிடிக்கும் என்பதை யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. ஒரு சமூகத் தலைவராகப் பெயர்பெற்றவர், தம் சமூகத்தாரல்லாத எளியோர்க்காக அதிகாரத்தைச் செலுத்தினார் என்பதை நம் போன்ற சங்கங்கள் ஊன்றிக் கவனித்தல் தகும்.

விருதுநகர்–தென்காசி இரயில்பாதை 1927-இல் திறக்கப்பட்டிருந்ததாயினும், சேத்தூரார் அதனை அடைய இராஜபாளையம் வரை சாலைமார்க்கமாகவே செல்லவேண்டும். ஆகவே பஸ்ஸில் இடமில்லாதவனுக்கு இரயிலும் எட்டாதிருந்தது. சென்னைக்கோ மதுரைக்கோ கூலிவேலை தேடிப் புறப்பட்டவனுக்கு அந்த உத்தரவு எத்துணைப் பெரிது என்பது இதனால் விளங்கும்.

சென்னை தியாகராயநகரில் பாண்டி பஜார் என வழங்கும் கடைவீதி இப்பெரியாரின் பெயராலேயே சௌந்தரபாண்டியனார் அங்காடி எனப்படுகின்றது. நம் ஊரிலிருந்து அங்கே சென்று பஸ்ஸிலிருந்து இறங்குவோர் அனேகர். பெயர்க்காரணம் அறிந்தார் சிலரே.