கார் கம்பெனி வேலைக்குப் போறீங்களா? உள்ளே நடப்பது இதுதான்!

நாகர்கோவில்ல டிப்ளமோ முடிச்சிட்டு, சென்னைப் பக்கம் கார் கம்பெனி வேலைக்குக் கிளம்புறீங்களா? 1998-ல் சான்ட்ரோவைத் தந்த இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் போன்ற ஆலைகளில் ஒரு கார் நான்கு கட்டங்களைத் தாண்டணும்.

பிரஸ் ஷாப்: சுருளாக வரும் ஸ்டீல் தகடு, அச்சில் அழுத்தப்பட்டு கதவாக, கூரையாக மாறும்.

பாடி ஷாப்: ரோபோக்கள் அவற்றை வெல்டிங் செய்து கூடாக்கும்.

பெயின்ட் ஷாப்: கூட்டை அப்படியே தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, துருப்பிடிக்காத பூச்சு ஏற்றிய பிறகே கலர்.

அசெம்பிளி: இங்கேதான் மனிதக் கைகள் அதிகம். வயரிங், சீட் எல்லாம் பொருத்துவாங்க. இன்ஜின் கீழிருந்து ஏறி பாடியோடு சேரும் இடத்துக்குப் பேரே 'மேரேஜ்'!

லைன் நகர்ந்துக்கிட்டே இருக்கும். பெரிய ஆலைகளில் ஒருவருக்குக் கிடைப்பது சுமார் ஒரு நிமிஷம்தான். போல்ட் சரியா இறுகலைன்னா மறைக்காதீங்க, உடனே சொல்லிடுங்க. நாளைக்கு அந்த கார்ல ஒரு குடும்பம் போகும்.