அடுத்தவர் சண்டைக்கு நம் சிப்பாய் எதற்கு?

ஐ.நா. அமைதிப்படைக்கு நாடுகள் ஏன் ஆள் அனுப்புகின்றன என்று கேட்டால், "எல்லாம் டாலருக்குத்தான் சார்" என்று பட்டென்று பதில் வரும். (1987-ல் இலங்கைக்குப் போன படையை இதில் சேர்க்காதீர்கள். அது இரு நாட்டு ஒப்பந்தத்தின்படி போனது, ஐ.நா. படை அல்ல.)

வங்கிக்காரன் ஆயிற்றே, முதலில் கணக்கைப் பார்ப்போம். ஐ.நா. ஒரு சிப்பாய்க்கு மாதம் இவ்வளவு என்று அவருடைய அரசுக்குத் தருகிறது. 2018-ல் அது 1,428 டாலர். பணக்கார நாட்டுக்கு இது சம்பளத்துக்கே காணாது. 1978-ல் லெபனானுக்குப் படை அனுப்பிய ஃபிஜி மாதிரி சின்ன நாட்டுக்கு இப்படி வருவது நல்ல வரவு.

ஆனால் காங்கோ கணக்கு இப்படி டேலி ஆகாது. 1960-ல் அங்கே ஐ.நா. படை இறங்கியது. சோவியத் யூனியனும் பிரான்சும் செலவில் தங்கள் பங்கைத் தர மறுத்தன. கையில் காசில்லாமல், 2 சதவீத வட்டியில் 20 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட 1961 டிசம்பரில் ஐ.நா. முடிவு செய்தது! லாபம் தேடுகிறவர் போகும் இடமா இது?

நேரு அனுப்பினார். 1961 ஜனவரியில் லுமும்பா கொல்லப்பட்டார். மார்ச்சில் நம் பிரிகேடு ஒன்று கிளம்பியது. தாமிரச் சுரங்கங்கள் நிறைந்த கட்டங்கா மாகாணம் தனியே பிரிந்து நின்றது. அதன் வழியாகப் பழைய எஜமானர்கள் கொல்லைப்புறமாக நுழையக் கூடாது, புதிதாக விடுதலை பெற்ற நாடு வல்லரசுச் சண்டையில் நசுங்கக் கூடாது என்பது அவர் எண்ணம். அணிசேராமை பேச்சோடு நிற்கவில்லை.

அதற்கு விலையும் கொடுத்தோம். 1961 டிசம்பர் 5 அன்று எலிசபெத்வில்லில் (இன்றைய லுபும்பாஷி) கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா, 16 கூர்க்கா வீரர்களோடு சுமார் 90 பேரை எதிர்த்துப் பாய்ந்து உயிரை விட்டார். வயது 26. பிரிவினையில் சொந்த ஊரை இழந்து இந்தியப் பஞ்சாபுக்கு வந்த குடும்பம் அவருடையது. ஐ.நா. பணியில் பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவரே.

1962 அக்டோபரில் சீனா நம் எல்லையைத் தாக்கியபோதும் அந்தப் பிரிகேடு காங்கோவில்தான் இருந்தது. 1963 ஜனவரியில் கட்டங்கா அடங்கிய பிறகே திரும்பியது.

பாதுகாப்பு சபையில் நிரந்தர இடம் நமக்கு இன்றும் இல்லை. அப்படியானால் கிடைத்தது என்ன? பி.காம். படித்தவர்களுக்குத் தெரியும், குட்வில்லும் ஒரு சொத்துதான். ஆனால் அந்தச் சொத்து நாட்டின் பேரில் ஏறியது. அதற்கான பற்று சலாரியா வீட்டுக் கணக்கில் எழுதப்பட்டது. உங்கள் பிள்ளைகளிடம் பரம்வீர் சக்ரா பற்றிப் பேசும்போது, காங்கோவையும் சேர்த்துச் சொல்லுங்கள்.