மீனா (சித்திரத் தொடர்)

மீனா என்பது, ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமாகிய யூனிசெஃப் ஸ்தாபனம், தென்னாசிய தேசங்களின் பெண் குழந்தைகளை மனத்திற்கொண்டு 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கிய சிறுவர் சித்திரத் தொலைக்காட்சித் தொடராகும். ஒன்பது வயதுச் சிறுமி மீனா, அவள் தம்பி ராஜு, கைக்குழந்தையான தங்கை ராணி, பேசும் கிளி மிட்டு, பசு லாலி, தாய் தந்தையர், பாட்டி ஆகியோர் அடங்கிய ஒரு கிராமத்துக் குடும்பமே இதன் களம். வெளியிலிருந்து வரும் பகைவனை வீரன் ஒருவன் வெல்வதாகவே பெரும்பாலான பொம்மைப் படங்கள் அமைந்திருக்க, இத்தொடரோ, ஒரே கூரையின்கீழ் ஒரே தாயின் கையால் உண்ணும் அக்காள் தம்பி இருவருக்குமிடையே பெரியவர்கள் அறிந்தும் அறியாமலும் வகுத்துவைத்த வேற்றுமையைக் கதைப்பொருளாக எடுத்துக்கொண்டது. அதுவே இதன் தனிச்சிறப்பு.

தென்னாசிய நாடுகளின் கூட்டமைப்பாகிய சார்க், 1990-ஆம் ஆண்டைப் பெண் குழந்தையின் ஆண்டாகவும், 1991 முதல் 2000 வரையிலான காலத்தைப் பெண் குழந்தையின் தசாப்தமாகவும் பிரகடனம் செய்தது. பிரகடனம் காகிதத்தில் நின்றுவிடாமல் எழுத்தறியாத குடும்பங்களையும் எட்டவேண்டுமாயின் அதற்குச் சித்திரக் கதையே ஏற்ற சாதனம் என்று, அக்காலத்தில் வங்காளதேசத்து யூனிசெஃப் அலுவலகத்தில் பணியாற்றிய கனடா தேசத்தவரான நீல் மெக்கீ கருதினார். நார்வே அரசாங்கம் பொருளுதவி செய்தது. அமெரிக்காவின் ஹன்னா-பார்பரா சித்திரப்பட நிறுவனமும் மணிலாவிலிருந்த தன் கிளைக்கூடத்தின் வழியாகத் துணைநின்றது.

கதாபாத்திரங்களைத் தீர்மானித்த முறை குறிப்பிடத்தக்கது. இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், நேபாளம் ஆகிய நாடுகளில் குழந்தைகளிடமும் பெற்றோரிடமும் ஓவியங்களைக் காட்டி, எந்த முகம் தங்கள் தெருவில் காணும் முகமாகத் தோன்றுகிறது, எந்த உடை அந்நியமாகப் படுகிறது என்றெல்லாம் விசாரித்து, அவர்கள் சொன்னதற்கேற்பத் திருத்தித் திருத்தி வரைந்தனர். மதத்தாலும் தேசத்தாலும் ஒருவருக்கே உரியதென்று தோன்றாத பெயரும், நீண்ட பாவாடையும் மேற்சட்டையுமாகிய பொது உடையும் மீனாவுக்கு வாய்த்தது இவ்விசாரணையின் பயனே. குழந்தைகளுக்கு எது வேண்டும் என்பதைப் பெரியவர்களே கூடித் தீர்மானித்துவிடும் வழக்கம் மிகுந்த இத்துறையில், குழந்தைகளைக் கேட்டு வரைந்த இந்தப் பொறுமை போற்றத்தக்கது என்பது நம் அபிப்பிராயம்.

இப்பாத்திரங்களுக்கு உருவம் கொடுத்தவர், இந்தியச் சித்திரப்படக் கலையின் பிதாமகர் என்று கொண்டாடப்படும் ராம் மோகன் (1931–2019). சென்னைப் பல்கலைக்கழகத்தில் ரசாயனம் பயின்ற இவர், 1956-இல் பம்பாயிலிருந்த அரசாங்கத் திரைப்பட நிறுவனமாகிய பிலிம்ஸ் டிவிஷனின் சித்திரப்படப் பிரிவில் சேர்ந்து, டிஸ்னி கூடத்திலிருந்து இந்தியாவுக்கு வந்திருந்த கிளேர் வீக்ஸ் என்பவரிடம் தொழில் கற்றார். பின்னர்ப் பிரசாத் புரொடக்‌ஷன்ஸின் சித்திரப்படப் பிரிவுக்குத் தலைமை வகித்து, 1972-இல் சொந்தமாக ராம் மோகன் பயோகிராபிக்ஸ் என்னும் கூடத்தை நிறுவினார். சத்யஜித் ராயின் 'சத்ரஞ்ச் கே கிலாடி' படத்தில் வரும் சித்திரப் பகுதியும் இவர் கைவண்ணமே. கணினி இத்தொழிலை முழுதும் ஆட்கொள்ளாத அந்நாளில், நொடிக்கு இருபத்துநான்கு சட்டங்கள் ஓடும் படச்சுருளில், இரண்டு சட்டத்துக்கு ஒரு சித்திரம் என்று சிக்கனமாகக் கணக்கிட்டாலும், பத்து நிமிஷக் கதைக்கு 7,200 சித்திரங்கள் கையால் தீட்டியாக வேண்டும். நல்ல செய்தியைச் சொல்லுகிறோம் என்பதற்காகக் குறைந்த தரத்தைக் குழந்தைகள் பொறுத்துக்கொள்ளமாட்டார்கள் என்பதை உணர்ந்து ஆக்கியோர் இவ்வுழைப்பை மேற்கொண்டார்கள்.

முதற்கதை 1993-இல் வங்காளதேசத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. ராஜு பள்ளிக்குச் செல்கிறான். மீனா வீட்டில் இருக்கிறாள். பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று தந்தை மறுத்துவிடவே, அவள் மிட்டுவைப் பள்ளிக்கு அனுப்புகிறாள். ஜன்னலோரம் அமர்ந்து கிளி கேட்டுவந்த வாய்பாடு மீனாவின் மனத்தில் பதிகிறது. அதைக்கொண்டு வீட்டுக் கோழிகளை எண்ணும்போது ஒன்று குறைவதை அவள் கண்டுகொள்ள, திருடன் அகப்பட, கல்வியின் பிரயோசனம் தந்தைக்குக் கண்ணெதிரே விளங்குகிறது. மாம்பழத்தைப் பங்கிடும் கதை இதனினும் நுட்பமானது. தம்பிக்குப் பெரிய பங்கும் அக்காளுக்குச் சிறிய பங்கும் ஏன் என்று மீனா கேட்க, நானே அதிகம் உழைக்கிறேன் என்கிறான் ராஜு; ஒருநாள் வேலைகளை மாற்றிக்கொள்கிறார்கள்; நீர் சுமந்தும் பெருக்கியும் கோழிகளைப் பேணியும் பொழுது சாய்வதற்குள் அவன் சோர்ந்து விழுகிறான். அக்காளின் நியாயத்தை அவன் உணர்வது எவருடைய உபதேசத்தாலும் அன்று, தன் கை கால் வலியால். ராஜுவைத் துஷ்டனாகவோ மீனாவைக் கண்ணீர் விடும் அபலையாகவோ தீட்டாமல், பாசம் குறையாத உடன்பிறப்புகளாகவே வைத்து, தம்பியையே அக்காளின் சாட்சியாக ஆக்கியதுதான் தொடரின் உயிர்நாடி. பெண் குழந்தைக்கு இழைக்கப்படும் அநீதியை ஆண் குழந்தைக்கு உணர்த்தாமல், அதைப் பெண்ணுக்கு மாத்திரம் சொல்லிப் பயனில்லை என்பதை ஆக்கியோர் நன்கு அறிந்திருந்தனர்.

இக்கதைகளின் உண்மையைச் சோதிக்கக் கிராமத்துக்குத்தான் போகவேண்டும் என்பதில்லை. சென்னை சென்ட்ரல் நிலையத்திலிருந்து புறப்படும் ரயில்கள் அரக்கோணம் மார்க்கமாகவும் கும்மிடிப்பூண்டி மார்க்கமாகவும் பிரிகின்ற பேசின் பிரிட்ஜ் சந்திப்பை அடுத்து, பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டியுள்ள குடியிருப்புகளில், தந்தை துறைமுகத்துக்கும் தாய் வீட்டு வேலைக்கும் போய்விட, அடிபம்பில் குடத்தை நிரப்பி இடுப்பில் தம்பியையும் ஏற்றிக்கொண்டு, பள்ளி மணிக்குப் பிந்தி ஓடும் அக்காள்மாரைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு, மீனா அறிமுகம் தேவையில்லாத பிள்ளை. அங்கே மாமரம் இல்லை. ஆனால் குழம்பு மீனில் நடுத்துண்டு தம்பிக்கும் வால் துண்டு அக்காளுக்கும் என்று, தானும் அப்படியே வளர்க்கப்பட்ட ஆயா, அன்பு குறையாமலே பங்கிடுவதுண்டு. மீனாவின் பாட்டியைக் கொடியவளாகக் காட்டாமல், பழக்கத்துக்கு அடிமையான, மனம் மாறக்கூடிய மூதாட்டியாகக் காட்டிய இடத்தில் இத்தொடர் நம் வீடுகளைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறது. ஆயினும் பெரும்பாலான கதைகளை வயலும் மரமும் சூழ்ந்த சிற்றூரிலேயே நிறுத்திவிட்டமையால், ஒற்றை அறைக்குள் ஆறு பேர் உறங்கும் நகரத்துச் சிறுமியின் பிரச்சினைகள் போதிய அளவு இடம்பெறவில்லை என்ற குறையையும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்தடுத்த ஆண்டுகளில் வயிற்றுப்போக்கால் வாடும் குழந்தையைக் காத்தல், கழிப்பிடமும் கை கழுவுதலும், சிறுவயது மணம், வரதட்சிணை முதலிய பொருள்களில் கதைகள் வெளிவந்தன. வங்காளி, இந்தி, உருது, நேபாளி முதலிய மொழிகளில் படங்களாகவும், படக்கதைப் புத்தகங்களாகவும், வானொலி நாடகங்களாகவும் பரவின. ஆப்பிரிக்காவின் கிழக்கு, தெற்குப் பிரதேசங்களுக்காக இதே முறையைப் பின்பற்றி 'சாரா' என்னும் தொடரை யூனிசெஃப் தயாரித்தது. அதில் கிளியின் இடத்தைக் குரங்கு பெற்றது. செப்டம்பர் 24-ஆம் நாள் மீனா தினமாகக் கொண்டாடப்படுகிறது. 2005 முதல் வங்காளதேசத்தில், குழந்தைகளைப் பற்றிச் சிறப்பாக எழுதும் பத்திரிகையாளர்க்கும் ஒளிபரப்பாளர்க்கும் மீனாவின் பெயரால் விருதுகள் வழங்கப்பட்டு வருகின்றன.

இந்தியாவில் தொடரின் பிற்காலச் சரித்திரம் தொலைக்காட்சியை விட்டுப் பள்ளிக்கூடத்தை நோக்கித் திரும்பியது. வடமாநிலங்களில் 'மீனா மன்றங்கள்' என்ற பெயரில் பள்ளி மாணவிகளின் குழுக்கள் அமைந்து, படிப்பை நிறுத்திவிட்ட பெண்களின் வீடுகளுக்கே சென்று பெற்றோரிடம் பேசும் பணியை மேற்கொண்டன. 2010-இல் உத்தரப் பிரதேசத்தில் தொடங்கிய 'மீனா வானொலி', வகுப்பு நேரத்திலேயே அரசுப் பள்ளி மாணவர்கள் கேட்கும்படி ஒலிபரப்பாயிற்று. மீனாவுக்கு உருவம் கொடுத்த ராம் மோகனுக்கு 2014-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.